அட்டைப்பெட்டியில் ஏறாத உணவு

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குக் கடல் கடந்த தொடர்பு புதிதன்று. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்று உழைத்தவர்கள் 1941ஆம் ஆண்டிலேயே அங்குத் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இன்று மேலப்பாளையம், ஏர்வாடி, தென்காசி, காயல்பட்டினம் எனப் பல ஊர்களிலிருந்தும் ஓட்டுநர்களாகவும் பற்றவைப்புத் தொழிலாளர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் செல்கின்றனர். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், பிறகு ஓரிரு மாத விடுமுறை, மீண்டும் பயணம் என்று அவர்களுடைய வாழ்க்கை அமைகிறது.

பயணத்துக்கு முன் மருந்து வாங்க வருவோரும், விடுமுறையில் பரிசோதனைக்கு வருவோரும், அவர்களுடன் வரும் குடும்பத்தாரும் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே என்ன சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?" என்பதே அது. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊர்ச் சாப்பாடு உடம்புக்கு நல்லது, வெளிநாட்டுச் சாப்பாடு உடம்பைக் கெடுக்கும் என்பதே அந்த நம்பிக்கை. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் எங்களுக்கு இந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று தோன்றுகிறது. மறுபாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியில் ஏறுவது எது?

விடுமுறை முடிந்து ஒருவர் புறப்படும்போது வீட்டில் அட்டைப்பெட்டி கட்டும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். மாங்காய் ஊறுகாய், நார்த்தங்காய், மோர்மிளகாய், சுண்டைவற்றல், கூழ்வற்றல், அப்பளம், கருவாடு, இட்லிப்பொடி, முறுக்கு, காராச்சேவு, அல்வா, மக்ரூன், கருப்பட்டி எனப் பெட்டி நிறையும். அன்பினால் நிறையும் பெட்டி அது. அதைக் குறைகூற நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை மருத்துவக் கண்கொண்டு பார்க்க வேண்டும்.

ஓர் உணவு பல வாரங்கள் கெடாமல் இருக்க வேண்டுமானால், அதில் உப்பு மிகுதியாக இருக்க வேண்டும். அல்லது சர்க்கரை மிகுதியாக இருக்க வேண்டும். அல்லது எண்ணெயிலோ வெயிலிலோ அதன் ஈரம் முழுவதும் போயிருக்க வேண்டும். ஆகவே ஊர் உணவில் பயணம் செய்யக் கூடியது பெரும்பாலும் உப்பும் இனிப்பும் எண்ணெயும் மிகுந்த பகுதியே. கீரைக் கடைசல், அவியல், புடலங்காய்க் கூட்டு, முருங்கைக்காய் போட்ட சாம்பார், உளுந்தஞ்சோற்றுடன் எள்ளுத் துவையல், மோர் ஆகிய எவையும் பெட்டியில் ஏறுவதில்லை. நெல்லைச் சாப்பாட்டின் உடல்நலம் காக்கும் பகுதி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இலையின் ஓரத்தில் சிறிதளவு வைக்கப்பட வேண்டிய தொடுகறிகள் மட்டுமே கடல் கடக்கின்றன. அங்கே அறைக்குத் திரும்பிக் களைப்புடன் சோறு மட்டும் வடித்து, ஊறுகாயும் வற்றலும் வைத்து உண்பவர், தாம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவதாகவே எண்ணுகிறார்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. சமையலில் சேரும் உப்பு, ஊறுகாயின் உப்பு, கருவாட்டின் உப்பு எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது; அதுவும் சோடியம் நிறைந்ததே. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்களுக்கு இவை ஒவ்வொரு வேளையும் இலையில் இருந்தால், மாத்திரையின் பயன் குறைந்துவிடும். கருப்பட்டியைப் பற்றியும் ஒரு சொல். அதற்கு மணமும் சுவையும் உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் அதுவும் சர்க்கரையே.

நம்முடையதும் வந்ததே

வெளிநாட்டு உணவை ஐயத்தோடு பார்ப்பவர்களுக்கு நம் இலையையே சான்றாகக் காட்டலாம். அல்வா என்பது அரபு மொழியில் இனிப்பைக் குறிக்கும் சொல். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் நம் அல்வா, இன்று நெல்லையின் பெயராகவே ஆகிவிட்டது. தூத்துக்குடி மக்ரூனின் பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறிகளும் சேர்ந்த சொதி, இலங்கையோடு வணிகம் செய்த குடும்பங்கள் வழியாக இங்கு வந்தது என்று சொல்வது வழக்கம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. நம் முன்னோர் அயல் உணவை அப்படியே விழுங்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. சொதிக்கு இஞ்சிப் பச்சடியைத் துணை சேர்த்ததுபோல, தம் வயிற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதை அமைத்துக்கொண்டனர். அயலூரில் உண்பவருக்கும் இந்த வழியே ஏற்றது.

வளைகுடாவின் உணவு மேசை

வளைகுடா என்றாலே குப்பூஸ், மந்தி, ஷவர்மா மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த மேசையில் நமக்கு நெருங்கிய உறவினர்கள் பலர் உள்ளனர். ஹம்முஸ் என்பது வேகவைத்த கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைத்தது. சுண்டலும் எள்ளுத் துவையலும் அறிந்த நமக்கு அது அயலன்று. அதஸ் எனப்படும் பருப்பு ரசம் மைசூர்ப்பருப்பால் ஆனது. லபன் நம் மோரே. ஃபத்தூஷ், தபூலே ஆகியவை பச்சைக் காய்களும் இலைகளும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தவை. கரியில் வாட்டிய மீன் பல இடங்களில் கிடைக்கும். பெட்டியில் ஏறாத பருப்பும் பசுமையும் மோரும் அங்கே வேறு பெயரில் காத்திருக்கின்றன. அவற்றைத் தேடிச் சுவைக்குமாறு நாங்கள் வலியுறுத்துகிறோம்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஃபூல் எனப்படும் பெரிய வகை அவரைப் பயறு அங்குக் காலை உணவாகப் பரவலாக உண்ணப்படுகிறது. பெரும்பாலோருக்கு அது நல்ல புரத உணவு. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு இருப்பதாக ஏற்கெனவே அறிந்தவர்கள் மட்டும் அதை அறவே தவிர்க்க வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு.

மந்தியைப் பற்றித்தான் எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். ஏமன் நாட்டிலிருந்து பரவிய இந்த உணவை ஒரே பெரிய தட்டில் வைத்துப் பலர் சூழ்ந்து உண்பது வழக்கம். வாரம் முழுவதும் தனியே உழைத்தவருக்கு, மலையாளி, வங்காளி, எகிப்தியர் எனப் பல ஊர்த் தோழர்களோடு விடுமுறை நாளில் ஒரு தட்டைச் சுற்றி அமர்வது மனத்துக்கு மருந்து. அதைத் தடுக்க எங்களுக்கு மனமில்லை. உண்ணும் வரிசையை மாற்றிக்கொண்டால் போதும். முதலில் பருப்பு ரசமும் பச்சைக் காய்களும், அடுத்து இறைச்சி, கடைசியில் சோறு என்று உண்டால், அதே உணவுக்கு இரத்தச் சர்க்கரை குறைவாகவே உயர்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தட்டு பொதுவாக இருக்கும்போது எவ்வளவு உண்டோம் என்பது தெரியாது. ஆகவே தமக்குரிய சோற்றைத் தொடக்கத்திலேயே தம் பக்கம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலியால் துன்புறுபவர்கள் ஆட்டிறைச்சியின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான சிக்கல் தட்டில் இருப்பதைவிடக் கோப்பையில் இருப்பதே. 330 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை உண்டு. 2017இல் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இத்தகைய பானங்களுக்கு 50 விழுக்காடும், ஆற்றல் பானங்களுக்கு 100 விழுக்காடும் கலால் வரி விதித்தன என்றால் அதன் காரணத்தை ஊகிக்கலாம். கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்ந்த கரக் தேநீரும் அப்படியே. சிறிய கோப்பைதானே என்று நாளொன்றுக்கு ஆறேழு முறை அருந்தினால் அது பெரிய கணக்காகிவிடும். பேரீச்சம்பழம் நார்ச்சத்துள்ள நல்ல பழம். ஆயினும் சர்க்கரை நோயாளிகள் இரண்டு மூன்று பழங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்

அங்குள்ள உணவங்காடிகளில் தமிழ், மலாய், சீன உணவுகள் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கின்றன. சிங்கப்பூரின் இந்த அங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் இடியாப்பம் அங்குப் 'புட்டு மாயம்' என்று பெயர் பெற்றிருப்பதும், நம் பரோட்டாவின் உறவான 'பிராட்டா' காலை உணவாகியிருப்பதும் நம்மவர்கள் அங்கே விட்டுச்சென்ற தடங்கள்.

தேர்ந்தெடுப்பதற்கு அங்கே வாய்ப்பு மிகுதி. தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கோழியும் சேர்ந்த நாசி லெமாக்கை வாரம் ஒருமுறை சுவைக்கலாம். மற்ற நாள்களில் மீன் சூப், அவித்த கீரை, டோஃபு எனப்படும் சோயாப் பாற்கட்டி ஆகியவற்றைப் பழகிக்கொள்ளலாம். சோயா, மீன் சாறுகளில் உப்பு மிகுதி. கிண்ணத்தில் மிஞ்சும் குழம்பை முழுவதும் குடிக்க வேண்டியதில்லை. காப்பி கேட்டால் இனிப்பூட்டிய கெட்டிப் பாலோடு வரும். 'காப்பி ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் தருவார்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் முதல், அடைத்து விற்கப்படும் பானங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவைக் கொண்டு ஏ முதல் டி வரை தரக்குறியீடு உண்டு. சி, டி எழுத்துள்ளவற்றை விட்டு ஏ, பி உள்ளவற்றை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அறையில் சமைப்போருக்கு

பலர் ஓர் அறையில் சேர்ந்து தங்கி முறைவைத்துச் சமைக்கின்றனர். முறை வருபவரின் களைப்பைப் பொறுத்தே அன்றைய சாப்பாடு அமைகிறது. ஆகவே எளிய வழிகளையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். சோற்றோடு ஏதேனும் ஒரு பருப்பும் ஏதேனும் ஒரு காயும் கட்டாயம் என்று அறையில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளலாம். நம் கூட்டாஞ்சோறு இதற்கென்றே பிறந்தது போன்றது: அரிசி, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். அரிசியைக் குறைத்துக் காயைக் கூட்டினால் சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தும். உறையவைத்த பச்சைப் பட்டாணி, பீன்ஸ், கீரை ஆகியவை அங்காடிகளில் கிடைக்கும். அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்த அளவு. உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது.

வெயிலும் தண்ணீரும்

கோடையில் வெளியிடங்களில் வேலை செய்வோருக்காக வளைகுடா நாடுகள் நண்பகல் ஓய்வைச் சட்டமாக்கியுள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையிலும், கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரையிலும் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. இந்த உரிமையை அறிந்திருப்பதும் உடல்நலத்தின் பகுதியே.

வெயிலில் உழைப்பவரின் உடல் வியர்வையாக நீரை இழக்க, சிறுநீர் கெட்டியாகிக் கல் உருவாக வழி ஏற்படுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்த வேண்டும். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நீர் போதும். அடர்ந்த மஞ்சளானால் போதாது. தாகத்துக்குக் குளிர்பானம் அருந்துவது சர்க்கரை நோயாளிக்கு இரட்டைக் கேடு. சர்க்கரை நோய்க்கான டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் சிறுநீரை மிகுதியாக்குபவை. வெயிலில் வேலை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், மருந்தையோ அளவையோ மாற்றித் தர இயலும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள், எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தும் பயணமும்

உணவைப் பற்றி எவ்வளவு கவனமாக இருந்தாலும், மருந்து நின்றுவிட்டால் பயனில்லை. ஊரிலிருந்து கொண்டுசென்ற மாத்திரை மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வலிப்பதில்லை. சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் அறிகுறி காட்டாமலேயே பல ஆண்டுகள் பழுதடையும். குடும்பம் முழுவதும் நம்பியிருக்கும் ஒருவர், உழைக்கும் வயதிலேயே டயாலிசிஸ் சிகிச்சைக்காக ஊர் திரும்பும் நிலையை நாங்கள் காண்கிறோம். எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுவே; ஏனெனில் அதில் பெரும்பகுதி தடுக்கக் கூடியது.

புறப்படுவதற்கு முன், மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள மருந்தகத்தில் வேறு பெயரில் அதே மருந்து கிடைக்கும். சில வலிநிவாரணிகள், தூக்க மாத்திரைகள், இருமல் மருந்துகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல முன் அனுமதி தேவைப்படும் நாடுகள் உண்டு. முன்னதாகவே விசாரித்தறிவது நல்லது. இன்சுலினைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். விமானத்தின் சரக்கறையில் அது உறைந்து கெடலாம். வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்கக் கூடாது. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேலை நெருக்கடியில் உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே சர்க்கரையோ பழச்சாறோ உட்கொள்ள வேண்டும். ரமலான் நோன்பு நோற்க விரும்புவோர் ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்தால், மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றி அமைத்துத் தருவோம்.

பெட்டி கட்டும் குடும்பத்தாருக்கு

முதலில் ஒரு சட்ட எச்சரிக்கை: கசகசாவை எக்காரணம் கொண்டும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வழக்கும் சிறையும் நேரலாம். பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தே ஏற்க வேண்டும்.

அடுத்து, பெட்டியின் உள்ளடக்கத்தைச் சற்றே மாற்றுங்கள். ஊறுகாய் ஒரு சிறு புட்டி போதும். வெறும் சோற்றுக்கு அதுவே குழம்பாகிவிடக் கூடாது. உப்பைக் குறைத்து இடித்த பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, வறுத்த கொள்ளு, உலர்ந்த முருங்கைக்கீரை, உப்பிடாமல் உலர்த்திய மணத்தக்காளி வற்றல் ஆகியவை கெடாதவை, பயனுள்ளவை. அல்வா அனுப்புங்கள், ஆனால் அறைத்தோழர்கள் அனைவரும் ஒரே நாளில் பகிர்ந்து தீர்க்கும் அளவுக்கு அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சமையல் முறையை எழுதிக் கொடுங்கள், அல்லது கைப்பேசியில் பேசிப் பதிந்து அனுப்புங்கள். சொதி வைக்கும் முறையும் அவியல் செய்யும் முறையும் எடையில்லாதவை. விமான நிலையத்தில் அவற்றை எவரும் தடுக்க மாட்டார்கள்.

விடுமுறையின் முதல் வாரம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வருபவர்களில் பலர் திருமணம், கொடை, பெருநாள், விருந்து எல்லாம் முடித்து, திரும்பிச் செல்வதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்களிடம் வருகின்றனர். அப்போது குறை கண்டாலும் மருந்தைத் தொடங்கி அதன் விளைவைப் பார்க்கக் காலம் இருப்பதில்லை. வந்த முதல் வாரத்திலேயே வாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், விழித்திரை ஆகிய ஆறையும் பார்த்துவிடலாம். வேலைக்கான உடற்தகுதிச் சான்று அன்றைய நிலையை மட்டுமே கூறும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அது உறுதிமொழி ஆகாது.

வரும்போது உண்டுகொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுவாருங்கள். அங்கே ஒரு சாதாரண நாளில் காலை முதல் இரவு வரை என்ன உண்டீர்கள், எத்தனை கோப்பை தேநீர், எத்தனை மணி நேரம் வெயில் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தத் தாளைப் பார்த்தால், நீங்கள் விரும்பும் உணவில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் குறைக்கலாம் என்பதை உங்களுடன் அமர்ந்து முடிவு செய்ய எங்களால் இயலும்.